யார் கிறிஸ்தவர் என்று கேட்டுப் பிரிந்த பிள்ளைகளுக்கு

தண்டலத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் அறை எடுத்துத் தங்கி, ஷிப்டுக்கு நடுவே நேரம் ஒதுக்கி மாடியறை ஜெபத்துக்குக் கூடிக்கொண்டிருந்த தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



நீங்கள் இரண்டாகப் பிரிந்த கதை இரண்டு பக்கத்திலிருந்தும் என் காதுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கத்தார் குரல் பதிவாக அனுப்பினார்கள். இன்னொரு பக்கத்தார் நேரிலேயே வந்து, டீ குடித்துவிட்டு, ‘நாங்கள் சொன்னதாக வேண்டாம் டீச்சர்’ என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெபம் நடத்த முறை வந்த உள்ளூர்த் தம்பி ஒருவரைப் பார்த்து, ‘உனக்கு முழுக்கு ஞானஸ்நானமும் ஆகவில்லை, சர்டிஃபிகேட்டிலும் இந்து. நீ எப்படி முன்னால் நிற்கலாம்?’ என்று யாரோ கேட்டிருக்கிறீர்கள். அதைத் தட்டிக்கேட்டவர், ‘அஞ்சு தலைமுறைக் கிறிஸ்தவன் நான், எனக்கே பாடம் எடுக்கிறாயா?’ என்றிருக்கிறார். அதற்கு, ‘தொட்டிலில் கிடந்தபோது தண்ணீர் தெளித்தால் கிறிஸ்தவனா?’ என்று பதில் வந்திருக்கிறது. இப்போது ஆளுக்கொரு மாடி. முதலில் கேள்விக்குள்ளான அந்தத் தம்பி இரண்டு மாடிக்கும் வருவதில்லை. இதை மட்டும் இரண்டு பக்கத்தாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் போதகர் இல்லை. நெல்லைச் சீமையில் பிறந்து, கலியாணமாகி இந்தப் பக்கம் வந்து, இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே இங்கே குடியிருப்பவள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் மனப்பாட வசனமும் சொல்லிக் கொடுத்தவள். அதனால் வளர்ப்பு என்ற ஒரு விஷயத்தில் மட்டும் பேச எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். தனியாக ஒருவரிடம் சொன்னால் நானும் ஒரு கட்சியாகிவிடுவேன். அதனால் எல்லாருக்கும் ஒரே கடிதம். இரண்டு மாடியிலும் உரக்க வாசியுங்கள்.

முதலில் தெற்கத்திப் பிள்ளைகளிடம் பேசுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு நான் அத்தை, சித்தி முறை வருவேன்.

நீங்கள் வளர்ந்த விதம் எனக்குத் தெரியும். விடிவதற்கு முன் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். ராத்திரி குடும்ப ஜெபத்தில் வசனம் சொன்ன பிறகுதான் சோறு. மே மாதம் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, அசனத்துக்கு ஊரே ஒரு பந்தி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகக் கீதப் பவனி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதற்கும் எடுத்தால் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 47 பேர். அங்கே கிறிஸ்தவராக இருக்க யாரும் தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டியதில்லை. தெருவே உங்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்; போகாவிட்டால்தான் காரணம் சொல்ல வேண்டும்.

இங்கே வந்ததும் அது தலைகீழாகிவிட்டது. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்பதில்லை. சி ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவனுக்கு ஆராதனை நேரம் தூக்க நேரம். போனாயா என்று கேட்க அம்மா இல்லை, கோயில் ஊழியரான கோயில்குட்டி இல்லை, எதிர்வீட்டுப் பெரியம்மா இல்லை. மூன்று மாதம் போகாமல் இருந்து பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபோது உங்களில் சிலர் பயந்துபோனீர்கள்; என்னிடம் வந்தே கேட்டீர்கள். ‘அப்படியானால் ஊரில் இருந்ததெல்லாம் வெறும் பழக்கம்தானா?’

ஆமாம், பழக்கம்தான். ஆனால் ‘வெறும்’ என்று சொல்லாதீர்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்ததாக நினைவுபடுத்துகிறார். தன்னைப் போலத் தமஸ்கு வழியில் ஒளி கண்டு விழுந்தாயா என்று கேட்கவில்லை. விழுந்து எழுந்த பவுலும் விழாமல் வளர்ந்த தீமோத்தேயுவும் ஒரே வேலையைத்தான் சேர்ந்து செய்தார்கள். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துப் போதகர் ஹோரஸ் புஷ்னல் 1847இல் கிறிஸ்தவ வளர்ப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உணர்ச்சி பொங்கும் எழுப்புதல் கூட்டங்களில் மனம் மாறினால்தான் கிறிஸ்தவர் என்று நம்பிய காலம் அது. தான் வேறுவிதமாக இருந்த ஒரு நாளே நினைவில் இல்லாதபடி ஒரு பிள்ளை கிறிஸ்தவனாகவே வளர முடியும், வளர வேண்டும் என்றார் அவர். பெரிய எதிர்ப்பு வந்தது. எனக்கு அவர் சொன்னது சரியென்றே படுகிறது. இதை அவரிடம் கற்கவில்லை; என் பாட்டியிடம் பார்த்தேன்.

இப்போது முழுக்கு எடுத்த பிள்ளைகளிடம். உங்களுக்குத் தேதி தெரியும். இன்ன மாதம், இன்ன கூட்டம், இன்ன பாட்டின்போது என்று சாட்சி சொல்கிறீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு குடியை விட்டவர் உங்களில் இருக்கிறார். அண்ணன் தம்பி வழக்கை வாபஸ் வாங்கியவர் இருக்கிறார். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஜான் வெஸ்லிக்கும் தேதி உண்டு: 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு. ஆனால் அன்றைக்கு அவர் ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர். ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகப் போய்த் தோற்றுத் திரும்பியவர். அப்பா எப்வொர்த் ஊர்ச் சபைப் போதகர். அம்மா சூசன்னா பிள்ளைகளை வீட்டிலேயே உட்காரவைத்து எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தவள். அந்த மாலையில் வாசித்துக் காட்டியது, ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை. அது அவருக்குள் போய் விழ இடம் இருந்தது. அந்த இடத்தைப் பல வருஷம் உழுது வைத்தவள் சூசன்னா.

இன்னொன்றும் யோசியுங்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் உங்களுக்குக் கலியாணமாகும், பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளை உங்கள் மடியில் உட்கார்ந்து கைதட்டிப் பாடும். அதற்குக் குடியை விட்ட சாட்சி இருக்காது, ஏனென்றால் நீங்கள் அதைக் குடிக்கவே விடமாட்டீர்கள். அப்போது அதுவும் ‘பிறவிக் கிறிஸ்தவர்’ தானே? இந்தச் சிக்கல் புதிதல்ல. இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் போன பியூரிட்டன்கள், மனமாறிய அனுபவத்தைச் சபை முன் சொன்னவர்களை மட்டுமே முழு உறுப்பினராக ஏற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஒழுங்காக வளர்ந்தார்கள். சொல்வதற்கு அனுபவம்தான் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய 1662இல் பாஸ்டனில் சபைத் தலைவர்கள் கூட வேண்டியதாயிற்று. ஞானஸ்நானம் உண்டு, ஆனால் அப்பா அம்மாவுக்குத் திருவிருந்து இல்லை என்று பாதிக் கதவைத் திறந்தார்கள். ‘பாதி உடன்படிக்கை’ என்று கேலிப் பெயர்கூட வந்தது. உண்மையானவர்களை மட்டும் வைத்துச் சபை நடத்துவோம் என்று கடல் கடந்து போனவர்களுக்கே இரண்டு தலைமுறைக்குள் அந்தக் கதி.

ஆகவே தேதி இருப்பதால் ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிடுவதில்லை; தேதி இல்லாததால் இல்லாமலும் போய்விடுவதில்லை. இவ்வளவோடு கடிதத்தை முடித்தால் இரண்டு பேரும் மகிழ்ச்சியாகக் கைகுலுக்கிக் கொள்வீர்கள். முடிக்கப்போவதில்லை.

‘அஞ்சு தலைமுறை’ என்று சொன்னவருக்கு, அந்த முதல் தலைமுறை எப்படி வந்தது என்று தெரியுமா? திருவிதாங்கூரில் நம் பாட்டிமார் மேலாடை போடக் கூடாது என்றிருந்தது. ஜாக்கெட் போட்ட கிறிஸ்தவப் பெண்களைச் சந்தையில் வைத்து அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். 1822இல் தொடங்கிய அந்தத் தோள்சீலைக் கலகம், 1859இல் மகாராஜா பிரகடனம் போடும் வரை விட்டு விட்டு நடந்தது. அந்த வருஷங்களில் சபைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரித்துவத்தை ஆராய்ந்து வந்தவர்களா? மானத்துக்காக வந்தார்கள். வரிக் கொடுமையிலிருந்து தப்பிக்க வந்தார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று வந்தார்கள். யாரோ ஒருவர் தங்கள் பக்கம் நின்றார் என்பதற்காக வந்தார்கள். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது.

இங்கே, இந்தச் செங்கல்பட்டுச் சீமையிலும் நடந்தது அதுதான். 1891இல் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று அரசுக்கு அறிக்கை எழுதினார். மறு வருஷம் வந்த அரசாணையிலிருந்துதான், இந்த மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்ற பேச்சே தொடங்குகிறது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ இந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர். அவரை நம்பிச் சிலர் சபைக்கு வந்தார்கள். இப்போது தெற்கே இருந்து வந்த நாம், உள்ளூர்ச் சபையாரைப் பார்த்து, ஏதோ கிடைக்கும் என்று வந்தவர்கள் என்ற பொருளில் ‘பால்பவுடர் கிறிஸ்தவர்கள்’ என்று முணுமுணுக்கிறோம். நான் காதால் கேட்டிருக்கிறேன். உங்களில் ஒருவர் வாயிலிருந்துதான் கேட்டேன். காலத்தால் முந்தி வந்தோம் என்பதைத் தவிர நமக்கும் அவர்களுக்கும் வேறென்ன வித்தியாசம்? உவமையில் இளைய மகன் திரும்பி வந்த ராத்திரி, விருந்து நடக்கும் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசலில் நின்றவன் மூத்தவன். ஒருநாளும் வீட்டைவிட்டுப் போகாதவன் அவன்தான்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். வளர்ப்பு நமக்குப் பாட்டையும் வசனத்தையும் ஜெபத்தையும் தந்தது. அதே மடியில், அதே நாட்களில், இன்னொன்றையும் ஊட்டியது. எந்தத் தெருப் பிள்ளையோடு விளையாடலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரைக் கட்டலாம் என்பதையும் சேர்த்தே ஊட்டியது. முன்னது ஞாயிற்றுக்கிழமை பயன்படும். பின்னது மற்ற ஆறு நாளும் பயன்படும். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் ஒருவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு எதைக் கீழே போடுகிறார் என்று பார்த்தால், அவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். முழுக்கா தெளிப்பா என்று கேட்கவே வேண்டாம்.

இது நம் சபை வரலாற்றில் ஓரமாக நடந்த விஷயம் அல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைவிட நல்ல கிறிஸ்தவ வளர்ப்பு யாருக்குக் கிடைத்திருக்கும்? 1774இல் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் வளர்த்த பிள்ளை. பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இன்றும் நம் ஆராதனைகளில் அவர் பாட்டுகளைப் பாடுகிறோம். அதே சாஸ்திரியார், சாதி பார்க்காமல் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்க வேண்டும் என்று புது மிஷனெரிகள் வற்புறுத்தியபோது, சாதியைத் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்று 1829இல் எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் விட்டார்கள். எதை என்றால், சபையை. தவணை கேட்காமல் வெளியேறினார்கள். சாஸ்திரியார் கிறிஸ்தவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய பாட்டைப் பாடும்போது எனக்கு இன்றும் கண் கலங்கும். ஆனால் சுவார்ட்ஸின் வீட்டில் வளர்ந்தவருக்கே அந்த ஒரு விஷயத்தில் பிறந்த வீட்டு வளர்ப்புத்தான் ஜெயித்தது என்றால், வி.பி.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு தைரியமாக இருக்கலாம்?

கத்தோலிக்கப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். வடக்கன்குளம் உங்களுக்குத் தெரியும். நட்டாலம் நீலகண்டன் 1745இல் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆன ஊர். கீழ்ச்சாதியாரோடு கலந்து உண்டார் என்பது அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பெரும்பங்கு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், நூறு வருஷத்துக்குச் சற்று அதிகமான காலம் கழித்து ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடம் இரண்டு, நடுவே சுவர். பிள்ளைமார் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். பார்த்தவர்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். 1910இல் சுவரை இடித்தபோது, எங்கள் உரிமை போயிற்று என்று வழக்குத் தொடுத்தவர்களும் ஞானஸ்நானம், நற்கருணை, உறுதிபூசுதல் எல்லாம் முறைப்படி வாங்கியவர்கள்தான். வழக்கில் தோற்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ‘பிள்ளை’யை எடுக்க வேண்டும் என்று இங்கிருந்து மனுப் போக வேண்டியிருந்தது. அந்த மனிதர் உயிரைக் கொடுத்து இறக்கி வைத்ததை நாம் அதுவரை அவர் தலையிலேயே ஏற்றி வைத்திருந்தோம்.

பழங்கதை என்பீர்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்களுடைய வீடுகளைத் தாக்கியவர்கள் அதே கோயிலில் பூசை கண்ட வன்னியக் கிறிஸ்தவர்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட்டில் ஒடிசாவில் கந்தமால் எரிந்தது. அங்கே கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பல்லாயிரம் பேர் வீட்டை விட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். அந்த இரண்டையும் ஒரே வருஷத்துப் பத்திரிகையில் படித்தது எனக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

உங்களை இதற்குள் ஏன் இழுக்கிறேன்? அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் நீங்கள் ஊர் எது என்று கேட்கிறீர்கள். சொன்னால் போதவில்லை. ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்று அடுத்த கேள்வி. அது எதற்கான கேள்வி என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். வரன் பார்க்கும்போது ‘இரட்சிக்கப்பட்ட, ஆவியில் நிறைந்த’ என்று ஆரம்பிக்கிற விளம்பரம் சாதிப் பெயரில்தான் போய் நிற்கிறது. தெளிப்புக்காரர், முழுக்குக்காரர் என்ற பேதம் அங்கே மறைந்துவிடுகிறது. அந்த ஒரு வரியில் மட்டும் நம் எல்லாச் சபைகளுக்கும் பூரண ஐக்கியம்.

இப்போது அந்தத் தம்பியின் சர்டிஃபிகேட். இதைப் பற்றி உங்களில் பலருக்கு முழு விவரம் தெரியாது. தெரியாமலே ‘இரட்டை வேஷம்’ என்று சொல்லிவிட்டீர்கள்.

1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். கல்வியிலும் வேலையிலும் அட்டவணைச் சாதிக்கான இடஒதுக்கீடும் தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் போகின்றன. ஊர் அவரை நடத்தும் விதம் மட்டும் போவதில்லை. இதை மாற்ற வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது.

2024 நவம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அப்பா இந்துவாகப் பிறந்தவர், அம்மா கிறிஸ்தவர். பிள்ளைக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம். பெரியவளாகி, எழுத்தர் வேலைக்காகத் தான் இந்து, அட்டவணைச் சாதி என்று சான்று கேட்டார். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தார். நீதிபதிகள் பங்கஜ் மித்தலும் ஆர். மகாதேவனும், தவறாமல் தேவாலயம் போகிறவர் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்றார்கள். கவனித்தீர்களா? ஒருவர் உண்மையான கிறிஸ்தவரா என்று உங்கள் மாடியில் நீங்கள் கேட்ட கேள்வியை அரசும் கேட்கிறது. தொட்டிலில் வாங்கிய ஞானஸ்நானத்தை அது எண்ணிக்கையில் எடுத்துக்கொள்கிறது. ‘தண்ணீர் தெளித்தால் கிறிஸ்தவனா’ என்று கேட்டவருக்கு, ஆமாம் என்று பதில் சொன்ன ஒரே சபை உச்சநீதிமன்றம்தான் போலிருக்கிறது.

அந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு விவாதம். எனக்கு அது அநியாயம். ஆனால் உங்கள் நடுவே நான் கேட்பது சின்ன விஷயம். அந்தத் தம்பிக்கு அந்தச் சான்றிதழ் அவனுடைய அப்பா எடுத்துக் கொடுத்தது. அதை வைத்துப் படித்தான், தங்கையைப் படிக்க வைக்கிறான். அதை இழந்தால் அவன் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? உங்கள் சான்றிதழில் ‘கிறிஸ்தவ நாடார்’ என்று இருப்பதால் உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் உண்டா? நஷ்டமில்லாத உண்மையைப் பேசுகிறவர், நஷ்டமுள்ள இடத்தில் நிற்கிறவரை வேஷக்காரர் என்பது எளிது. அவன் செய்வது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அது அவனும் அவன் மனசாட்சியும் பேசி முடிக்க வேண்டிய கணக்கு. பொய் சொல்ல வைக்கும் சட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதை அவனோடு உட்கார்ந்து பேசுகிற நண்பர்களாக நீங்கள் இருந்திருக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டீர்கள்.

ஞானஸ்நானம் இல்லாமலே போதுமா என்றால், போதாது என்பதே என் எண்ணம். சபை என்ற உறவுக்குள் வெளிப்படையாகச் சேர்வதற்கு ஒரு வாசல் வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஓ. கந்தசாமி செட்டியார், தான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர், ஆனால் ஞானஸ்நானம் வாங்கிச் சபையில் சேரமாட்டேன் என்று 1915இல் மிஷனெரிகளிடமே காரணம் சொன்னார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன், அவரோடு உடன்படவில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே நிற்பவரைப் பற்றிய தீர்ப்பில் சபை பலமுறை சறுக்கியிருக்கிறது. பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோமே, அதைக் கட்டிய கிளாரிந்தா மராத்தியப் பிராமணப் பெண், இளம் விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தபோது ஞானஸ்நானம் கேட்டாள். முறையான கலியாணம் இல்லை என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அவள் பொறுத்தாள். ஜெபத்தை விடவில்லை, தன் வீட்டில் கூடியவர்களையும் கைவிடவில்லை. அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் சுவார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதிய திருநெல்வேலிச் சபையின் முதல் பதிவேட்டில் நாற்பது பேர்; அதில் முதல் பெயர் அவளுடையது. 1785இல் கோயிலும் கட்டிவிட்டாள். மறுக்கப்பட்ட அந்த வருஷங்களில் அவள் யார்? நெல்லைக்காரர்களே, உங்கள் அஞ்சு தலைமுறைக் கணக்கு தொடங்குவது ஞானஸ்நானம் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுசர், தகுதியுள்ளவருக்கு மட்டும் என்று குரு சொல்லிக் கொடுத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. கிறிஸ்தவக் கடிதத்தில் ராமானுசர் எதற்கு என்று கேட்காதீர்கள். தினமும் அவர் ஊர் வழியாகத்தானே பஸ்ஸில் போகிறீர்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

இரண்டு மாடிக்கும் வாடகை கொடுப்பது வீண். பழைய மாடிக்கே வாருங்கள். முழுக்குப் பெற்றவர், தெளிப்புப் பெற்றவர், இன்னும் பெறாதவர் எல்லாரும் முறை வைத்து ஜெபம் நடத்தலாம். திருவிருந்து அவரவர் சபையில் அவரவர் முறைப்படி இருக்கட்டும். அதில் நான் தலையிடவில்லை. அந்தத் தம்பியின் வீட்டுக்கு, கேள்வி கேட்டவரும் ‘அஞ்சு தலைமுறை’ சொன்னவரும் சேர்ந்தே போங்கள். கூட்டமாகப் போய் அவனைக் கூச வைக்காதீர்கள். போய்ச் சாப்பிடுங்கள். அவன் வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுங்கள். பார்சல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொரு வேலை. நம் தெருக்களில் தகரக் கூரைக்குக் கீழே பத்துப்பேர் ஓர் அறையில் இருக்கும் வடநாட்டுக் காண்ட்ராக்ட் தொழிலாளர்களை நீங்கள் ‘இந்திக்காரர்கள்’ என்கிறீர்கள். அவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசா ஆதிவாசிகளும் தலித்துகளும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. ராஞ்சிப் பக்கம் கோஸ்னர் மிஷன் 1845இலேயே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு நம்மில் பலரைவிடத் தலைமுறைக் கணக்கு நீளம். கந்தமாலில் கத்திமுனையில் கையெழுத்து வாங்கி, இனி கிறிஸ்தவனில்லை என்று எழுதிக் கொடுக்க வைத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அப்படிக் கையெழுத்துப் போட்ட வீட்டுப் பிள்ளை ஒருவன் நம் தெருவில் இருந்தால், அவனை உங்கள் பட்டியலில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் ஏ ஷிப்ட் முடிந்தவர்கள் நான்கு பேர் போய் அவர்களை அழையுங்கள். உங்களில் மூன்று பேருக்கு லைனில் நின்று பழகிய இந்தி வரும். அவர்கள் தங்கள் சாத்ரி மொழியிலோ குய் மொழியிலோ பாடட்டும். மெட்டுத் தெரிந்ததாக இருந்தால் நாம் தமிழில் சேர்ந்துகொள்ளலாம். பாய் போதவில்லை என்றால் என் வீட்டில் நான்கு இருக்கிறது, யாராவது பைக்கில் வந்து எடுத்துப் போங்கள். சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

உங்கள்,
ஓய்வுநாள் பள்ளி டீச்சர்
தண்டலம்